மெயினுக்கு முன்னால் என்ன நடக்கிறது?

எம்பெடட் வேலைக்கான இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வி இது: "சிப்புக்கு பவர் வந்ததிலிருந்து மெயின் ஃபங்ஷனின் முதல் வரி ஓடும்வரை என்னென்ன நடக்கிறது, சொல்லுங்கள்." ரெஸ்யூமேயில் 'பேர்மெட்டல் புரோகிராமிங்' என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பவர்கள் பலர் இங்கேதான் விழுகிறார்கள். "பவர் வரும், மெயின் கால் ஆகும் சார்" என்பார்கள். முடிவு அப்போதே ஆகிவிடும். மீதிக் கேள்விகள் மரியாதைக்கு.

காரணம் தெரிந்ததுதான். ஐடிஇ-யில் 'நியூ புராஜெக்ட்' பட்டனை அமுக்கியதும் ஸ்டார்ட்டப் ஃபைலும் லிங்கர் ஸ்கிரிப்டும் தானாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. மிச்சத்தை ஹால் லைப்ரரி பார்த்துக்கொள்கிறது. எல்இடி மினுக்குகிறது. ஓஎஸ் இல்லாத சிப்பில் ஓஎஸ் செய்ய வேண்டிய வேலையை யார் செய்தார்கள் என்று மட்டும் தெரியாது.

உங்களுக்கு இதில் லாபம் இருக்கிறது. விண்ணப்பம் போடுபவர்கள் எத்தனை பேரானாலும் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்பவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் ஒருவராக ஐஐடி டிகிரி வேண்டாம். சில மாதங்கள், மாலை நேரத்தில் ஒழுங்காக உட்கார்ந்தால் போதும். எப்படி என்று பார்ப்போம்.

1. போர்டில் காசைக் கொட்டாதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'புளூ பில்' என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். எஸ்டிஎம்32எஃப்103 சிப், கார்ட்டெக்ஸ்-எம்3 கோர், 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ரேம், அதிகபட்சம் 72 மெகாஹெர்ட்ஸ். கற்றுக்கொள்ளத் தாராளம். ஒரே தொல்லை, இந்தச் சிப்புக்கு நகல்கள் ஏராளம். ஓப்பன்ஓசிடி எதிர்பார்க்கும் ஐடி எண் 1-இல் தொடங்கும். 2-இல் தொடங்கும் ஐடி வந்திருக்கிறது என்று அது முரண்டு பிடித்தால் உங்கள் கையில் இருப்பது நகல். எல்இடி மினுக்க நகலும் போதும். ஆனால் புரியாத பிழை ஒன்று வரும்போது தப்பு உங்கள் புரோகிராமிலா, சிப்பிலா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள நேரும். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் நியூக்ளியோ போர்டு வாங்குங்கள். டீபக்கர் அதிலேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம்.

கையில் காசே இல்லையா? கியூஎமு எமுலேட்டர் இலவசம். அதில் எல்எம்3எஸ்6965 என்ற கார்ட்டெக்ஸ்-எம்3 போர்டு இருக்கிறது. லேப்டாப்பிலேயே ஸ்டார்ட்டப் கோட் எழுதி, யூஆர்ட் வழியாக ஓர் எழுத்தைத் திரையில் வரவைக்கலாம். ஆகவே 'போர்டு இல்லை' என்ற சாக்கு செல்லாது.

2. ஐடிஇ-யை மூடிவிட்டு மூன்று ஃபைல்களை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு சி ஃபைல், ஒரு ஸ்டார்ட்டப் ஃபைல், ஒரு லிங்கர் ஸ்கிரிப்ட். மூன்றும் உங்கள் கையால். கம்பைலரை டெர்மினலிலிருந்து கூப்பிடுங்கள்.

ரீசெட் ஆனதும் கார்ட்டெக்ஸ்-எம் கோர் இரண்டு சொற்களை வாசிக்கிறது. முகவரி 0-இல் இருப்பதை ஸ்டாக் பாயின்டரில் போடுகிறது. முகவரி 4-இல் இருப்பதை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குத் தாவுகிறது. இவ்வளவையும் ஹார்டுவேரே செய்கிறது. நம் சிப்பில் ஃபிளாஷ் இருப்பது ஹெக்ஸ் 08000000-இல்; சாதாரணமாக பூட் ஆகும்போது அதே ஃபிளாஷ் 0-இலும் தெரியும். ரேம் 20000000-இல் தொடங்குகிறது. 20 கேபி என்றால் அதன் உச்சி 20005000. எனவே வெக்டர் டேபிளின் முதல் சொல் 20005000, இரண்டாவது சொல் ரீசெட் ஹேண்ட்லரின் முகவரி.

அந்த இரண்டாவது சொல்லை ஹெக்ஸ் டம்ப்பில் பாருங்கள். ஒற்றைப்படை எண்ணாக இருக்கும். முகவரி எப்படி ஒற்றைப்படையாகும்? கடைசி பிட் 1 என்றால் 'இது தம்ப் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று பொருள். சி-யில் எழுதினால் அந்த பிட்டை டூல்செயினே போட்டுவிடும். அசெம்பிளியில் எழுதி, அது ஃபங்ஷன் என்று அசெம்ப்ளருக்குச் சொல்ல மறந்தால் நேரே ஹார்ட்ஃபால்ட்தான். இன்டர்வியூவில் யாரும் கேட்காமலேயே நீங்களாக இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது ரீசெட் ஹேண்ட்லர். ஒரு குளோபல் வேரியபிளுக்கு 5 என்று ஆரம்ப மதிப்பு கொடுத்திருக்கிறீர்கள். வேரியபிள் இருக்கப்போவது ரேமில். பவர் போனால் ரேமில் ஒன்றும் நிற்காது. அப்படியானால் அந்த 5 எங்கே இருந்தது? ஃபிளாஷில். அதை ரேமுக்குக் கொண்டுவரும் காப்பி லூப்பை எழுத வேண்டியது நீங்கள். ஆரம்ப மதிப்பு இல்லாத வேரியபிள்கள் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதியை பூஜ்யமாக்குவதும் நீங்கள்தான். இரண்டும் முடிந்த பிறகே மெயின். எங்கிருந்து எங்கே, எவ்வளவு காப்பி செய்வது என்ற எல்லைகளை லிங்கர் ஸ்கிரிப்ட் தருகிறது. ஆரம்பக் கேள்விக்கான முழு விடை இதுதான்.

வழியில் இரண்டு இடங்களில் இடறுவீர்கள். பூஜ்யமாக்க நீங்கள் எழுதிய சாதாரண லூப்பை ஜிசிசி கம்பைலர் ஆப்டிமைஸ் செய்து, நீங்கள் கேட்காமலே மெம்செட் ஃபங்ஷனுக்கு ஒரு கால் வைத்துவிடும். ஸ்டாண்டர்ட் லைப்ரரி இல்லை என்று சொல்லிவிட்டதால் லிங்கர் கோபித்துக்கொள்ளும். மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் என்ற நான்கையும் ஓஎஸ் இல்லாத இடத்திலும் ஜிசிசி எதிர்பார்க்கிறது. நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, பயன்படாத செக்ஷன்களை நீக்கும் ஆப்ஷனைப் போட்டால் வெக்டர் டேபிளே காணாமல் போகலாம். ஏனென்றால் புரோகிராமில் யாரும் அதைக் கூப்பிடுவதில்லை. லிங்கர் ஸ்கிரிப்டில் 'கீப்' போட்டு அதைக் காப்பாற்ற வேண்டும். இந்த இரண்டு பிழைகளையும் அனுபவிக்காதவர் ஸ்டார்ட்டப் கோட் எழுதியவர் இல்லை, காப்பி அடித்தவர். கேள்வி கேட்பவருக்கு இது நன்றாகவே தெரியும்.

3. மேனுவலின் அடிக்குறிப்பு வரை படியுங்கள்

இப்போது எல்இடி. புளூ பில்லில் அது சி போர்ட்டின் 13-ஆம் பின்னில் இருக்கிறது. போர்ட்டின் ரிஜிஸ்டரில் எழுதிப் பார்ப்பீர்கள், ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது. காரணம், மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒவ்வொரு பெரிஃபெரலுக்கும் கிளாக் அணைந்தே இருக்கிறது. முகவரி 40021018-இல் உள்ள ரிஜிஸ்டரின் 4-ஆம் பிட்டை முதலில் 1 ஆக்க வேண்டும். பிறகுதான் போர்ட் உங்கள் பேச்சைக் கேட்கும்.

அடுத்த ஆச்சரியம்: பின்னை 0 ஆக்கினால் விளக்கு எரிகிறது, 1 ஆக்கினால் அணைகிறது. போர்டை வடிவமைத்தவர் ஏன் தலைகீழாக வைத்தார்? விடை டேட்டாஷீட்டின் பின் பட்டியலுக்குக் கீழே, பொடி எழுத்தில் இருக்கிறது. 13 முதல் 15 வரையுள்ள அந்த மூன்று பின்களும் ஒரு பவர் ஸ்விட்ச் வழியாக மின்சாரம் பெறுகின்றன. 3 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. கரன்ட் கொடுக்கும் மூலமாகப் பயன்படுத்தவே கூடாது, எல்இடி எரிக்கக்கூட. ஆகவேதான் எல்இடி மறுபக்கம் 3.3 வோல்ட்டில் மாட்டப்பட்டிருக்கிறது.

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரிந்தால், நீங்கள் டுடோரியல் பார்த்து வளர்ந்தவரா, டேட்டாஷீட் படித்து வளர்ந்தவரா என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். படிக்க வேண்டிய ஆவணங்கள் மூன்று: டேட்டாஷீட், ரெஃபரன்ஸ் மேனுவல், எர்ராட்டா ஷீட். மூன்றாவதைப் பலர் திறப்பதே இல்லை. சிப் கம்பெனி தன் சிப்பில் உள்ள குறைகளைத் தானே பட்டியல் போட்டு வெளியிடும் ஆவணம் அது. எஸ்டிஎம்32எஃப்1 குடும்பத்தின் ஐ2சி பகுதிக்கு அதில் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

ஏஐ டூல்களைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எஃப்1 குடும்பத்தின் ஜிபிஐஓ ரிஜிஸ்டர்களும் எஃப்4 குடும்பத்தின் ரிஜிஸ்டர்களும் வேறு வேறு. இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஏஐ-யும் அதே குட்டையில் தண்ணீர் குடித்ததுதான். பார்க்கச் சரியாக இருக்கும், சிப்பில் ஓடாது. ஒவ்வொரு பிட்டையும் மேனுவலோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

4. டிலே ஃபங்ஷனை மறந்துவிடுங்கள்

ஓஎஸ் இல்லாத புரோகிராமின் உடம்பு ஒரு முடிவில்லா லூப், சில இன்டரப்ட்கள், ஒரு டைமர் டிக். இதற்குள் ஐந்தாறு வேலைகளை ஒன்றையொன்று தடுக்காமல் ஓட்டுவதுதான் திறமை. அரை நொடி டிலே போட்டால் அந்த அரை நொடி சிப் எதையும் கவனிக்காது. ஒவ்வொரு வேலையையும் ஸ்டேட் மெஷினாக எழுதுங்கள்: வந்து பார், நேரமாகியிருந்தால் ஒரு படி முன்னே போ, இல்லையென்றால் உடனே வெளியே வா.

நேரத்துக்கு சிஸ்டிக் டைமர் இருக்கிறது. 24 பிட், கீழ்நோக்கி எண்ணும். 8 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் 7999 என்று ரீலோட் கொடுத்தால் மில்லிசெகண்டுக்கு ஒரு டிக். அதை 32-பிட் கவுண்டரில் எண்ணினால் 49.7 நாளில் கவுண்டர் நிரம்பி பூஜ்யத்துக்குத் திரும்பும். 'ஆரம்பித்த நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி, இப்போதைய நேரம் அதைத் தாண்டிவிட்டதா' என்று பார்க்கும் புரோகிராம் அன்றைக்குக் குழம்பும். 'இப்போதைய நேரத்திலிருந்து ஆரம்பித்த நேரத்தைக் கழித்து, விடை இடைவெளியை எட்டிவிட்டதா' என்று அன்சைன்ட் எண்ணில் பார்த்தால் குழம்பாது.

'ஐம்பது நாள் யார் விடாமல் ஓட்டப் போகிறார்கள்' என்று நினைக்கிறீர்களா? 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, போயிங் 787 பற்றி ஓர் உத்தரவு போட்டது. ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட்டுகள் 248 நாட்கள் தொடர்ந்து பவரில் இருந்தால் உள்ளே ஒரு சாஃப்ட்வேர் கவுண்டர் நிரம்பி வழிந்து, நான்கு யூனிட்டுகளும் ஒரே நேரத்தில் ஃபெயில்சேஃபுக்குப் போய்விடக்கூடும். வானத்தில் இருந்தாலும் ஏசி மின்சாரம் முழுவதும் போய்விடும். நூறில் ஒரு நொடி கணக்கில் ஓடும் 32-பிட் சைன்ட் கவுண்டர் நிரம்பவும் 248 நாள் சொச்சம்தான் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். டைமர் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் ஓவர்ஃப்ளோவை நீங்களே எடுத்து வையுங்கள்.

இதைச் சொல்லிவிட்டு ஆர்டிஓஎஸ் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நெட்வொர்க் ஸ்டாக், ஃபைல் சிஸ்டம், டிஸ்பிளே என்று சேர்ந்துவிட்டால் ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற ஒன்றுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். எப்போது மாறுவீர்கள் என்று கேட்பார்கள். 'எப்போதும் பேர்மெட்டல்' என்பவர் வெறியர் போலத் தெரிவார்.

5. வாலடைல் எல்லாவற்றையும் காப்பாற்றாது

வாலடைல் என்றால் என்ன என்ற கேள்விக்கு எல்லோரும் தயாராகத்தான் வருகிறார்கள். அடுத்த கேள்வியில்தான் சல்லடை: "வாலடைல் போட்டுவிட்டால் இன்டரப்டும் மெயின் லூப்பும் அந்த வேரியபிளைப் பத்திரமாகப் பகிரலாமா?" முடியாது. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி ஒரு 8-பிட் சிப். 16-பிட் கவுண்டரை அது இரண்டு தவணையாக வாசிக்கிறது. நடுவில் இன்டரப்ட் வந்து கவுண்டரைக் கூட்டினால், பாதி பழையது பாதி புதியது என்று ஒரு பொய் எண் கையில் கிடைக்கும். வாசிக்கும்போது இன்டரப்டை நிறுத்தி வையுங்கள். எஸ்டிஎம்32-இல் ஒரு பின்னை மாற்றும்போது வாசித்து, திருத்தி, திரும்ப எழுதாதீர்கள். ஒரே தடவை எழுதி வேலையை முடிக்க பிட் செட்-ரீசெட் ரிஜிஸ்டர் இருக்கிறது.

இன்டரப்ட் ஹேண்ட்லரில் பிரின்ட்எஃப் போடுபவரை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை.

6. டீபக்கிங்தான் உங்கள் மார்க்கெட் விலை

ஸ்டாக் நிரம்பி வழிந்தால் தடுக்க இங்கே ஓஎஸ் கிடையாது. அது சத்தமில்லாமல் கீழே இருக்கும் வேரியபிள்களின் மேல் எழுதிவிடும். பிழை வேறெங்கோ, வேறொரு நாள் வெளிப்படும். ஸ்டாக் பகுதி முழுவதையும் ஆரம்பத்தில் ஒரே பேட்டர்னால் நிரப்பி, பிறகு எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். ஃபங்ஷன்வாரியாக ஸ்டாக் கணக்குத் தரும் ஆப்ஷன் ஜிசிசி-யிலேயே இருக்கிறது.

ஹார்ட்ஃபால்ட் ஆனால் முடிவில்லா லூப்பில் போய் நிற்கும் ஹேண்ட்லரைத்தான் டெம்ப்ளேட்டுகள் தருகின்றன. அதை மாற்றி எழுதுங்கள். ஃபால்ட் நடந்த நொடியில் கார்ட்டெக்ஸ்-எம்3 எட்டு ரிஜிஸ்டர்களை ஸ்டாக்கில் சேமித்து வைக்கிறது. புரோகிராம் கவுன்டரும் அதில் ஒன்று. அதை எடுத்தால் எந்த வரியில் உயிர் போனது என்று தெரியும். வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் அழியாத இடத்தில் அதைச் சேமித்து வைத்தால், ஃபீல்டில் இருக்கும் மெஷினின் மரண வாக்குமூலம் உங்கள் மேஜைக்கு வந்துசேரும். கஸ்டமர் கத்திக்கொண்டிருக்கும்போது காரணத்தைச் சொல்லும் ஆள் நீங்கள் என்றால் அப்ரைசலில் வாதாட வேண்டியிருக்காது.

இங்கே ஒரு போட்டி ரகசியம். சிஎஸ் படித்தவர் மல்டிமீட்டரைத் தொடப் பயப்படுகிறார். இசிஇ படித்தவர் கிட் கமாண்டுகளைப் பார்த்துப் பயப்படுகிறார். இரண்டு பயமும் இல்லாதவர் இரண்டு பேருக்கும் போட்டி. லாஜிக் அனலைசர் ஒன்று வாங்குங்கள், மலிவானதே போதும். ஸ்கீமேட்டிக் படிக்கப் பழகுங்கள். அலுவலகத்தில் 'ஹார்டுவேர்லதான் ஏதோ பிரச்சினை' என்று வாயால் சொல்லாதீர்கள். வேவ்ஃபார்மைக் காட்டிச் சொல்லுங்கள். ஹார்டுவேர் டீமில் உங்களுக்கு ஒரு நண்பர் கிடைப்பார், எதிரி கிடைக்க மாட்டார். புது போர்டு வந்து 'பிரிங்-அப் யார் பண்றீங்க' என்று மேனேஜர் கேட்டால் முதலில் கையைத் தூக்குங்கள். போர்டை முதல்முறை உயிர்ப்பிப்பது கஷ்டமான வேலைதான். ஆனால் எல்லோர் பார்வையும் அந்த மேஜை மேல்தான் இருக்கும்.

7. பத்து புராஜெக்ட் வேண்டாம், ஒரு பூட்லோடர் போதும்

எல்இடி, எல்சிடி, டெம்பரேச்சர் சென்சார் எல்லோர் கிட்ஹப்பிலும் இருக்கிறது. நீங்கள் பூட்லோடர் எழுதுங்கள். யூஆர்ட் வழியாகப் புது புரோகிராமை வாங்கி, சிஆர்சி சரிபார்த்து, ஃபிளாஷில் எழுதி, அதற்குத் தாவ வேண்டும். தாவுவதற்கு முன் இன்டரப்ட்களை நிறுத்தி, வெக்டர் டேபிளை இடம் மாற்றி, ஸ்டாக் பாயின்டரைப் புதிதாகப் போட வேண்டும். எழுதும்போது பாதியில் பவர் போனால் பழைய புரோகிராம் உயிரோடு இருக்க வேண்டும். மேலே சொன்ன எல்லாமே இதில் வந்துவிடும். அப்டேட் வசதி கம்பெனிகளுக்குத் தேவையானதும்கூட. கார்ட்டெக்ஸ்-எம்0-இல் வெக்டர் டேபிளை நகர்த்தும் ரிஜிஸ்டரே கிடையாது, அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். யோசித்து வையுங்கள்.

ரெஸ்யூமேயில் 'பேர்மெட்டல் பற்றிய அறிவு உண்டு' என்ற வரியை நீக்குங்கள். பதிலாக, ஸ்டார்ட்டப் கோடும் லிங்கர் ஸ்கிரிப்டும் சொந்தமாக எழுதிய பூட்லோடர், எந்தச் சிப், எத்தனை கேபி ஃபிளாஷ், எத்தனை கேபி ரேம் என்று எண்ணோடு எழுதுங்கள். மேப் ஃபைலைத் திறந்தால் அந்த எண் கிடைக்கும். லட்சக்கணக்கில் சிப் வாங்கும் கம்பெனிக்கு ஒரு சைஸ் சிறிய சிப்பில் வேலை முடிந்தால் நேரடி லாபம். அந்தக் கணக்கு உங்களுக்குப் புரிகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்டர்வியூவில் வாயால் விளக்காதீர்கள். மார்க்கரைக் கேட்டு வாங்கி, போர்டில் மெமரி மேப் வரையுங்கள். பேச்சு உங்கள் கைக்கு வந்துவிடும்.

8. எங்கே தேடுவது

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்சார ஸ்கூட்டர்கள். பேட்டரி மேனேஜ்மென்ட், மோட்டார் கன்ட்ரோலர் எல்லாமே இந்த வேலைதான். கோவையில் பம்ப், டெக்ஸ்டைல் மெஷின் கன்ட்ரோலர்கள். சென்னையைச் சுற்றி கார் கம்பெனிகளும் அவற்றுக்குச் சப்ளை செய்பவர்களும். கார் பக்கம் போகிறீர்கள் என்றால் மிஸ்ரா சி விதிகள் தெரிந்திருக்க வேண்டும். 1998-இல் முதலில் வந்தவை, இன்றும் வேதம். ஐஎஸ்ஓ 26262, ஆட்டோசார் என்ற பெயர்களும் அடிபடும். சி-யில் கை நன்றாகப் பழகியபின் ரஸ்ட் கற்றுக்கொள்ளுங்கள், முதலிலேயே வேண்டாம்.

என் அபிப்பிராயம், முதல் வேலைக்குச் சின்ன புராடக்ட் கம்பெனிதான் நல்லது. பெரிய இடத்தில் ஆட்டோசார் மாட்யூல் ஒன்றை கான்ஃபிகர் செய்தபடியே வருஷங்கள் போய்விடலாம். சின்ன இடத்தில் சால்டரிங் அயர்ன் முதல் கஸ்டமர் சைட் வரை எல்லாமே உங்கள் தலையில் விழும். சம்பளம் குறைவாக இருக்கலாம். இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பெரிய இடத்துக்குப் போகும்போது வட்டியோடு வசூலித்துக்கொள்ளலாம்.

எல்லாச் சின்னக் கம்பெனியும் ஒன்றல்ல. கடைசியில் 'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா' என்பார்கள். இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் போர்டை இங்கேயே வடிவமைக்கிறீர்களா, வெளியிலிருந்து வாங்குகிறீர்களா? புது போர்டு வந்தால் பிரிங்-அப் யார் செய்கிறார்கள்? ஆசிலோஸ்கோப் எத்தனை பேருக்கு ஒன்று? ஃபீல்டில் கடைசியாக வந்த பெரிய பிழை என்ன, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஆர்வமாகப் பதில் சொன்னால் அங்கே சேருங்கள். மழுப்பினால் அடுத்த கம்பெனிக்கு மெயில் தட்டுங்கள்.